வெள்ளோட்டம்

மொழி கற்பிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. புதிதாக எதைக் கண்டாலும் அதற்கு நம் மொழியில் என்ன பெயர் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். பெயர் கிடைக்கும்வரை கண்டது கண்டதாகவே இராது. வட அயர்லாந்தின் ஓமா நகரில், ஒரு ஜனவரி மாத இரவில் நாம் பார்த்த பந்தாட்டத்தைப் பற்றி எழுதித் தருவதாக நண்பர்களிடம் ஒப்புக்கொண்டு நெடுநாளாயிற்று. எழுத முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு சொல்தான்.

'முன்பருவப் போட்டி' என்று எழுதிப் பார்த்தோம். சொல்லுக்குச் சொல் சரி, உயிரில்லை. 'பயிற்சி ஆட்டம்' என்றால், நுழைவுச்சீட்டும் நடுவரும் கோப்பையும் உள்ள ஒன்றைக் குறைத்துச் சொன்னதாகும். 'ஒத்திகை' அழகான சொல்தான். ஆனால் ஒத்திகையில் தோற்பவர் எவருமில்லை, இங்கே இருந்தார்கள். வேண்டிய சொல் நம் வீட்டு அலமாரியிலேயே, நம் மாணவன் ஒருவனின் கையெழுத்தில் இருந்தது. அது தெரிய வந்த கதையே இக்கட்டுரை.

*

நம் தங்கை ஓமாவில் செவிலியராகப் பணிபுரிகிறாள். கொரோனா முடக்கங்கள் விலகியபின் வந்த ஒரு ஜனவரியில், பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர். வெளியே போக அஞ்சிக் கணப்பருகே அமர்ந்திருந்த நம்மைக் கிளப்பியவன் அவளுடைய மகன். பதினோரு வயது. அவ்வூர்ச் சங்கமொன்றின் சிறுவர் அணியில் கேலிக் கால்பந்து ஆடுபவன்.

"மாமா, இன்னைக்கு மெக்கென்னா கப். டைரோன் ஆடுது. வாங்க."

"அது என்ன கப்? பெரிய போட்டியா?"

அவன் சற்று யோசித்தான். "நிஜப் போட்டி இல்ல. ஆனா நிஜமாத்தான் ஆடுவாங்க."

பல பக்கங்களில் நாம் சொல்ல முயன்று தோற்றதை அச்சிறுவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான் என்பது அப்போது உறைக்கவில்லை.

கேலிக் கால்பந்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்து உருண்டை, காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒருமுறை தட்டவேண்டும், அல்லது கால்நுனியால் தட்டித் திரும்பக் கைக்கு வாங்கவேண்டும். ஆங்கில எழுத்தான 'எச்' வடிவில் கம்பங்கள். குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. 1884-இல் தர்லஸ் என்னும் ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகம் இதை நடத்துகிறது. அதன் வரைபடத்தில் அயர்லாந்து முழுவதும் ஒன்றே: நான்கு மாகாணங்கள், முப்பத்திரண்டு கவுண்டிகள். வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு இன்று பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டவை. டோனிகால், கேவன், மோனஹன் என்ற மூன்றும் அயர்லாந்துக் குடியரசில் உள்ளவை. 1921-இல் நாடு பிரிக்கப்பட்டது. மெக்கென்னா கோப்பை தொடங்கியது 1925-இல். கோப்பையை வழங்கிய மருத்துவர் யாரோ என்று எண்ணியிருந்தோம். பெயருக்கு முன்னுள்ள 'டாக்டர்' பட்டம் ஒரு கத்தோலிக்க ஆயருடையது. க்ளோஹர் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த பேட்ரிக் மெக்கென்னா அவர். அவருடைய மறைமாவட்டமே எல்லைக்கோட்டின் இரு பக்கமும் கிடந்தது.

ஆட்டக்காரர்கள் எவருக்கும் ஊதியமில்லை. ஆசிரியர், மின்பணியாளர், விவசாயி, கல்லூரி மாணவர் எனப் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். விலைபேசி வாங்கும் வழக்கமும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் சங்கத்துக்கு ஆடுகிறார்கள்; அதிலே தேறினால் கவுண்டிக்கு. கவுண்டிகளின் உண்மையான ஆண்டு ஜனவரி இறுதியில் லீக் ஆட்டங்களோடு தொடங்கிக் கோடையில் டப்ளினின் க்ரோக் பார்க்கில், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நடக்கும் அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் முடிகிறது. அதற்கெல்லாம் முந்திய குளிரில், மாகாணத்துக்கொன்றாக நடப்பவையே இந்தச் சிறு போட்டிகள். லெய்ன்ஸ்டரில் ஓ'பர்ன் கோப்பை, மன்ஸ்டரில் மெக்ராத் கோப்பை, கொனாட்டில் எஃப்.பி.டி. லீக், அல்ஸ்டரில் மெக்கென்னா கோப்பை.

*

ஹீலி பார்க்கில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. புல்லிலிருந்து பனிப்புகை எழுந்தது. காகிதக் குவளைத் தேநீரைக் குடிப்பதைவிடக் கைகளுக்கிடையே வைத்துக்கொள்வதே பயனுடையதாய் இருந்தது. அணிப்பட்டியல் அச்சிட்ட சிறு ஏடொன்றைத் தங்கை மகன் வாங்கித் தந்தான். ஆட்டம் தொடங்கியதும் பட்டியலில் உள்ள எண்களுக்கும் ஆடுகளத்தில் ஓடும் எண்களுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. கடைசி நேரத்தில் பயிற்றுநர் பாதிப் பேரை மாற்றிவிட்டாராம். இது வழக்கந்தானாம்.

நம் பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நாமும் ஆசிரியர் என்றறிந்ததும் இருக்கையில் சற்று நெருங்கி அமர்ந்து பேசத் தொடங்கினார். அவர் புள்ளிப் பலகையைப் பார்க்கவேயில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களும் பார்க்கவில்லை. அவர்கள் விளையாடிக்கொண்டிருந்தது வேறோர் ஆட்டம். இருபத்திரண்டாம் எண் அணிந்து இறங்கிய அந்த மெலிந்த பையன் யார்? இன்ன ஊர்ச் சங்கம், இன்னாருடைய மகன், இல்லையில்லை, இன்னாருடைய தங்கை மகன். தாய்மாமன் இடதுகாலன், இவனும் இடதுகாலன். இப்படி முழு வரிசையும் வம்சாவளியோடு இனங்காணப்பட்டது. நம் ஊர் மஞ்சுவிரட்டில், மாட்டைப் பார்த்ததும் அது யார் வீட்டுத் தொழுவத்தது என்று சொல்லிவிடும் கிழவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இந்தப் போட்டிக்கு மதிப்புண்டா என்று அவரிடமே கேட்டோம். சிரித்தார். 2012 முதல் 2017 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து இக்கோப்பையை டைரோன்தான் வென்றது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அகில அயர்லாந்துப் பட்டம் கிட்டவில்லை என்றார். மற்றொன்றையும் சொன்னார். புதிய விதிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கும் இந்தப் போட்டிகள் பயன்பட்டன. தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் கையால் பந்தைத் தட்டிக் கொடுக்கக்கூடாது என்று ஒரு விதியை 2019 பருவத்துக்காகக் கொண்டுவந்தார்கள். முன்பருவப் போட்டிகளில் ஆடிப் பார்த்தார்கள். பயிற்றுநர்களும் ஆட்டக்காரர்களும் முணுமுணுத்தார்கள். லீக் தொடங்குமுன்பே அவ்விதி கைவிடப்பட்டது. உதவாத விதிகளும் தேறாத பையன்களும் அடையாளம் காணப்படும் இடம் இது என்றார்.

இடைவேளையில்தான் அவர் கார்மக் மெக்அனாலனைப் பற்றிச் சொன்னார்.

*

அதன்பின் நாமும் தேடிப் படித்தோம். டைரோன் கவுண்டியில் எக்லிஷ் சங்கத்தைச் சேர்ந்தவர் கார்மக். 1998-இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைவராயிருந்து அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். 2000-இலும் 2001-இலும் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைவராக அவ்வாறே வென்றார். நூற்றாண்டுக்கு மேற்பட்ட போட்டி வரலாற்றில் டைரோனின் முதுநிலை அணி ஒருமுறைகூட அகில அயர்லாந்துப் பட்டத்தைத் தொட்டதில்லை. 2003 செப்டம்பர் 28 அன்று அது கைகூடியது. அண்டைக் கவுண்டியான அர்மாவை 0-12 க்கு 0-9 என்று டைரோன் வென்றது. அந்த அணியின் தலைவர் பீட்டர் கேனவன். கார்மக் நடுக்களத்து ஆட்டக்காரர். அணிக்குத் தேவைப்பட்டதால் அந்த ஆண்டு இடையிலேயே கோலுக்கு முன் நிற்கும் தற்காப்பு இடத்துக்கு இறங்கி ஆடினார். ஆர்வம் காட்டாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய இடமாற்றம் அன்று அது.

அடுத்த ஆண்டுக்குப் பயிற்றுநர் மிக்கி ஹார்ட் அவரை அணித்தலைவராக்கினார். நடப்புச் சாம்பியனின் தலைவர். வயது இருபத்து நான்கு. பகலில் அர்மா நகரிலுள்ள பள்ளியொன்றில் ஆசிரியர். புதிய தலைவரின் கீழ் டைரோன் ஆடிய முதற்போட்டி மெக்கென்னா கோப்பைதான். 2004 பிப்ரவரியில் அதை வென்றார்கள். முதுநிலை அணியின் தலைவராக அவர் கையில் ஏந்திய கோப்பை அது.

மார்ச் 2 அன்று அதிகாலை, உறக்கத்திலேயே, இதயம் நின்று அவர் இறந்துபோனார்.

ஏப்ரல் இல்லை, கோடை இல்லை, க்ரோக் பார்க்கின் படிகள் இல்லை. கூட்டத்தில் எவரும் பொருட்படுத்தாத, வென்றவர்களே மறுவாரம் மறந்துவிடும் அந்தச் சிறு கோப்பை மட்டும் இருந்தது.

டைரோன் பிறகு 2005-இலும் 2008-இலும் 2021-இலும் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. கார்மக்கின் குடும்பத்தார் அவர் பெயரில் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள். விளையாட்டுச் சங்கங்களுக்கு இதய மின்னதிர்ச்சிக் கருவிகள் கிடைக்கவும், இளைஞரைத் திடீரெனக் கொல்லும் இதயக் கோளாறுகள் குறித்து மக்கள் அறியவும் அது பாடுபட்டது. அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் கலப்பு விதிகளோடு ஆடும் தொடரின் கோப்பைக்கு அவர் பெயரிடப்பட்டது. வரலாற்றாய்வாளரான அவருடைய அண்ணன் டோனல் 2017-இல் தம்பியின் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

பெரியவர் இவ்வளவும் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான். "அந்த பிப்ரவரியில் இந்த ஆட்டங்களுக்கு வரச் சோம்பல்பட்டு வீட்டிலிருந்தேன். செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப்பிறகு ஒன்றைக்கூட விடுவதில்லை."

இரண்டாம் பாதி தொடங்கியது. இருபத்திரண்டாம் எண்காரன் இடதுகாலால் ஒரு பந்தைச் சட்டத்துக்கு மேலே அனுப்பினான். பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று யார் வென்றார்கள் என்பது நமக்கு இப்போது நினைவில்லை. அந்தப் பையன் பந்தடித்தபின் தரையைப் பார்த்தபடியே திரும்பி ஓடியது நினைவிருக்கிறது.

*

ஊர் திரும்பினோம். அந்தப் பெரியவரின் வாக்கியமும் உடன் வந்துவிட்டது.

நம் துறையில் ஒவ்வொரு பருவமும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன் 'மாதிரித் தேர்வு' நடத்துவோம். மாணவர்களும் ஆசிரியர்களும் அதை ஒரு சடங்காகவே நடத்துகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அகமதிப்பீட்டுக்கு ஓர் எண் தேவை. எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, முதற்பத்தியைப் படித்து, ஓர் எண்ணை இட்டுவிடுகிறோம். இருபதாண்டுப் பணியில் இதற்கு நாம் விதிவிலக்காய் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாமாண்டு இளங்கலை வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பின்வரிசை, அதிகம் பேசமாட்டான். மாதிரித் தேர்வு முடிந்து, பல்கலைக்கழகத் தேர்வு தொடங்குவதற்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், ஊருக்குப் போகும் வழியில் இருசக்கர வாகன விபத்தில் இறந்துபோனான். துறையிலிருந்து எல்லோரும் போய் வந்தோம். மற்றவர்கள் தத்தம் விடைத்தாள்களை வாங்கிச் சென்றார்கள். அவனுடையது மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. கிழித்தெறிய மனம் வராமல் வீட்டு அலமாரியில் வைத்திருந்தோம். ஆனால் எடுத்துப் படித்ததில்லை. படிக்காமலே மதிப்பெண் இட்டிருந்தோம் என்பதை நாமறிவோம், அதனால்தான் எடுக்கவில்லை.

ஓமாவிலிருந்து திரும்பிய வாரத்தில் அதை எடுத்தோம்.

தாள்: நாட்டார் வழக்காற்றியல். மேலட்டையில் சிவப்பு மையில் நம் கையெழுத்து: எழுபத்தைந்துக்கு ஐம்பத்தொன்று. உள்ளே எங்குமே ஒரு குறியில்லை. கடைசி வினா, தம் ஊர்த் திருவிழா ஒன்றை விவரிக்கச் சொல்லியிருந்தது. எல்லோரும் தேரோட்டத்தை எழுதியிருந்தார்கள். இவனும் தேரைத்தான் எழுதியிருந்தான். ஆனால் திருவிழாவை எழுதவில்லை. அவன் ஊரில் பழைய தேரைப் பழுதுபார்த்துப் புதுச்சக்கரம் பூட்டியபோது நடந்த வெள்ளோட்டத்தை எழுதியிருந்தான். ஏழு பக்கங்கள்.

வெள்ளோட்டத்தன்று தேரில் சாமி இராது. சாமியின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தார்களாம். ஆனாலும் ஊர் முழுதும் வடம் பிடித்தது. அவனுடைய தாத்தா சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர். தேர் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். கை நழுவினால் உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை. திருவிழா நாளில் எல்லோர் கண்ணும் மேலே சாமியிடம் இருக்கும். கீழே குனிந்திருக்கும் தாத்தாவை யாரும் பார்க்கமாட்டார்கள். வெள்ளோட்டத்தன்று மேலே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் ஊரே சக்கரத்தைப் பார்த்தது, தாத்தாவைப் பார்த்தது. தான் முதன்முதலாகத் தாத்தாவைப் பார்த்ததும் அன்றைக்குத்தான் என்று அவன் எழுதியிருந்தான். இரண்டு எழுத்துப்பிழைகள், ஒரு சந்திப்பிழை.

எவ்வளவு நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. நாம் தேடிய சொல்லை அவன் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி நம் கையில் தந்திருந்தான். ஹீலி பார்க்கில் புள்ளிப் பலகையைப் பார்க்காமல் இருபத்திரண்டாம் எண் பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் எதைப் பார்க்க வந்திருந்தது என்பதும் அவன் தாளில்தான் நமக்கு விளங்கியது. மேலே பார்க்க ஒன்றுமில்லாத நாளில்தான் சக்கரம் கண்ணுக்குத் தெரிகிறது.

பன்னிரண்டு மாணவர்களின் விடைத்தாள்களை ஒரு மணி நேரத்தில் திருத்தி முடித்ததாக ஓய்வறையில் பெருமையோடு சொல்லிக்கொண்ட நாட்கள் நமக்கு உண்டு. அவற்றைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

*

2025 ஜனவரியில் தங்கை மகன் தொலைபேசியில் வருத்தத்தோடு சொன்னான்: "இந்த வருஷம் மெக்கென்னா இல்ல மாமா." நான்கு மாகாணங்களிலும் அவ்வாண்டு முன்பருவப் போட்டிகளை நடத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். காரணத்தைக் குறைசொல்ல முடியாது. ஊதியமில்லாத ஆட்டக்காரர்கள், வேலையும் படிப்பும் பயணமும் பயிற்சியும் சேர்ந்து உடலை உடைக்கின்றன, கவுண்டி ஆட்டங்களை ஆண்டின் முற்பாதிக்குள் அடைத்தபின் நாட்காட்டியில் மூச்சுவிட இடமில்லை. அவர்களுக்கு ஓய்வு வேண்டும். கார்மக்கின் கதையை அறிந்த எவரும் ஆட்டக்காரரின் உடல்நலத்தை இரண்டாமிடத்தில் வைக்கமாட்டார்.

ஆயினும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அந்த 2025-இல்தான் கேலிக் கால்பந்தின் விதிகள் பெருமளவு மாறின. ஜிம் கேவின் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்பது உட்படப் பல புதுமைகள் வந்தன. 2024 அக்டோபரில் மாகாண அணிகளுக்கிடையே சில ஆட்டங்களில் அவற்றைக் காட்டிப் பார்த்தார்கள். கவுண்டி அணிகளோ நட்பு ஆட்டங்களில் பழகிக்கொண்டு நேரே லீக்கில் இறங்கின. புதுச்சக்கரம் பூட்டிய ஆண்டில் வெள்ளோட்டம் இல்லாமற் போயிற்று. அதே ஜனவரி 24 அன்று ஏயோவின் என்ற புயல் அடித்தது. மேயோ கவுண்டியில், மழைக்கு அஞ்சாமல் கொனாட் மாகாணத்தின் முன்பருவ ஆட்டங்களை உள்ளே நடத்துவதற்கு உதவிய மாபெரும் காற்றுக்கூடாரத்தை அது கிழித்தெறிந்தது.

"நீ என்ன செய்கிறாய்?" என்று அவனைக் கேட்டோம். அவனுக்கு இப்போது வயது கூடிவிட்டது. பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கு முயல்கிறான். "சனிக்கிழமை பக்கத்து ஊரோட ஒரு மேட்ச் இருக்கு மாமா. சும்மாதான். கணக்குல வராது" என்றான்.

எத்தனை மணிக்கு என்று கேட்டோம். எந்த இடத்தில் நிற்பாய், என்ன எண், தரை ஈரமாய் இருக்குமா, யாரெல்லாம் பார்க்க வருவார்கள் என்று கேட்டோம். அவன் வியந்துபோனான். முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், புள்ளிக் கணக்கு மட்டும் வேண்டாம் என்றோம். சனிக்கிழமை இரவு முக்கால் மணிநேரம் சொன்னான்.

இப்பருவத்தின் மாதிரித் தேர்வுத் தாள்கள் நேற்று வந்தன. சென்ற ஆண்டு ஒரு மாணவி, கணக்கில் பெரிதாக வராத தாளில் இவ்வளவு சிவப்பு மை எதற்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பொருத்தமான விடை எதுவும் அப்போது சொல்லத் தோன்றவில்லை. அறுபத்திரண்டு தாள்கள். இருபத்தொன்று முடிந்திருக்கிறது.